பரவவில்லை, இரண்டு

வெற்றிலையில் மடித்த புகையிலையை அண்ணாச்சி வாயருகே கொண்டுபோனார். நான் அந்தக் கையை ஓங்கித் தட்டினேன். வெற்றிலை சுவரில் மோதி விழுந்தது. தூத்துக்குடியில் முப்பது வருடம் இரும்புக் கடை நடத்தியவர், என் அப்பா வயதுக்காரர். டாக்டரான நான், ஆஸ்பத்திரியில் என் அறையிலேயே அவரை அடித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கூட வந்திருந்த அவர் மூத்த மகனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சாவப்போற மனுசன், ஆசப்பட்டதப் போடட்டும்னு நாந்தான் வாங்கிக் குடுத்தேன். பொழைக்க மாட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான்.

சொன்னவன் நான்தான். ஆறு வாரத்துக்கு முன்பு அண்ணாச்சியின் கன்னத்தின் உட்புறம் புற்று இருப்பது தெரிந்தது. ஸ்கேனில் நுரையீரலிலும் ஒரு சிறு கட்டி. வாயில் இருப்பதுதான் அங்கே பரவிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கம் இந்தச் சேதியை நோயாளியிடம் சொல்ல வீட்டார் விடமாட்டார்கள். மகனை இதே வராந்தாவில் நிறுத்தி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணாச்சியிடம் வெறும் வாய்ப்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

என் முடிவை உடைத்தது எங்கள் ஆய்வகத்து டாக்டரம்மா. போன வாரம் அந்த ஸ்கேனைப் பார்த்ததும் பைலை என் மேஜையில் விட்டெறிந்தார். "நுரையீரல்ல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்காம, பரவிட்டுன்னு எப்படி எழுதுனீரு? அறிவிருக்கா?" அதன் பிறகுதான் ஊசி போட்டோம். நுரையீரலில் இருந்தது வாயிலிருந்து போனதே அல்ல; தனியாக முளைத்த வேறு வகைப் புற்று. இரண்டையும் தனித்தனியாக வெட்டி எடுத்தால் மனிதர் பிழைக்க வழி உண்டு. அதைச் சொல்லத்தான் அன்று வரச் சொல்லியிருந்தேன்.

"ரெண்டு புற்று இருக்கு. தனித்தனியா..."

முடிப்பதற்குள் மகன் என் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "ஒண்ணுக்கே சாவுன்ன. இப்பம் ரெண்டுங்கிற. ஏல, எங்கப்பா என்ன, உனக்கு வெளையாட்டுச் சாமானா?"

"ரெண்டும் தனின்னா பரவலன்னு அர்த்தம், முட்டாப்பயலே! பொழைப்பாருல!" என்று நானும் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். நாற்காலிகளோடு விழுந்தவன், எழுந்திருக்காமல் அங்கேயே அழுதான்.

கதவருகே அண்ணாச்சி நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டார். அவரை உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். புண் தாடை எலும்பு வரை போயிருந்தது. ஆறு வாரத்துக்கு முன்பே ஆப்பரேசன் செய்திருந்தால் கன்னத்துச் சதையோடு முடிந்திருக்கும். இனி கீழ்த் தாடையில் ஒரு பாதியை எடுக்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே அந்த ஊசியப் போட்டிருந்தா?"

"தாடை தப்பிச்சிருக்கும், அண்ணாச்சி."

பளீரென்று என் கன்னத்தில் அறைந்தார். மகன் பதறி ஓடிவந்தான்.

"நீ அங்கனயே நில்லு," என்று அவனைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆப்பரேசன் யாரு செய்வா? நீருதானா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. சொன்னேன்.

"அப்பம் இனிமே எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லும். அவங்கிட்ட இல்ல," என்றார். ஆப்பரேசனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.