மேம்பாலத்தடி மகாராணி

என் மகளுக்குப் பதின்மூன்று வயது ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் கதவுகள் அதிகமாகிவிட்டன. இருப்பது என்னவோ அதே பழைய கதவுகள்தான். முன்பெல்லாம் திறந்தே கிடந்ததால் அவை இருப்பதே தெரியவில்லை. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று சாத்தியிருக்கிறது.

நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் டூவீலர் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிற பிழைப்பு. அவள் சின்னவளாக இருந்தபோது, நான் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அன்றைய பள்ளிக்கூடம் முழுவதையும் கொட்டிவிடுவாள். யாருடைய டிபன் பாக்ஸை யார் காலி செய்தது, கணக்கு மிஸ் யாரை வெளியே நிற்கவைத்தார், எல்லாம் கை கால் ஆட்டத்தோடு வரும். முகம் கழுவிட்டு வர்றேன் இரு என்றால் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தொடருவாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இப்போது அவளிடம் மூன்றே பதில்கள் இருக்கின்றன. ஒண்ணுமில்ல, தெரியல, உன் இஷ்டம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள். நான் தோண்டித் தோண்டிக் கேட்டால் நாலாவது பதிலாகக் கதவு சாத்தப்படும். "வயசு அப்படி. வுடுங்க" என்பாள் என் மனைவி. எப்படி விடுவது என்று மட்டும் அவள் சொல்லித் தரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மாலை அவளாகவே வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு கால் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்தேன். அவள் அம்மாவின் போனை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு பேனரின் படம் இருந்தது.

அது என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தன் மகனின் காதுகுத்துக்கு வைத்த பேனர். எங்கள் பக்கம் பேனர் இல்லாமல் ஒரு விசேஷம் நடந்ததாக யாரும் நம்பமாட்டார்கள். நடுவில் விசேஷத்துப் பிள்ளை, மேலே சாமி, சுற்றிலும் கைகூப்பிய பெரியவர்கள், கீழே வரிசையாகச் சொந்தக்காரப் பிள்ளைகளின் முகங்கள். மச்சான் வைத்த பேனரில் காதுகுத்துப் பையன் ஒரு பக்கமும், அவனுக்குச் சரிசமமாக இன்னொரு பக்கம் என் மகளும் நின்றார்கள். பட்டுப்பாவாடை, கூலிங் கிளாஸ், மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். கீழே தங்க நிற எழுத்தில் 'மாமாவின் மகாராணி'.

"மேம்பாலத்துக்குக் கீழ கட்டியிருக்காங்கப்பா. எங்க ஸ்கூல் பஸ் அங்கதான் திரும்புது. தெனமும் பசங்க மகாராணி வராங்கோன்னு கத்துறாங்க. டிரைவர் அண்ணன்கூட ஹாரன் அடிக்கிறாரு."

நான் ஒரு தப்புச் செய்தேன். "இந்த போட்டோவ நீதானே மாமாவுக்கு அனுப்புன?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதில் உண்மை இருந்தது. மச்சான் வீடு கட்டிக் குடிபோனபோது வைத்த பேனரில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க, இவள் படம் மட்டும் எப்படியோ விட்டுப்போனது. அன்றைக்கு இவள் அழுத அழுகையில் பாயசத்தைத் தொடவில்லை. மச்சான் வேட்டி கசங்கத் தரையில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பேனர்ல பாரு, நீதான் பெருசு என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கு இவளே அந்தப் போஸில் படம் எடுக்கச்சொல்லி, இத வெச்சிக்கோங்க மாமா என்று அனுப்பியும் வைத்தாள். அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"அது அப்போப்பா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் வாதாட இடமில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, "எடுத்துடச் சொல்லுப்பா, ப்ளீஸ்" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. அவள் ரயிலை நிறுத்தச் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன், ஏதோ மந்திரி மாதிரி.

மச்சானுக்குப் போன் போட்டேன். அவருக்கு வேர்க்கடலை மண்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி. எப்போதும் பின்னால் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மாப்ள, பாத்தியா பேனர? கடையிலயே உக்காந்துக்கினு பண்ண வெச்சேன். பாப்பாவோட கண்ணாடி மட்டும் ஒரே இருட்டா வுழுந்துச்சு, மறுபடி மாத்தச் சொல்லி ஒரே பேஜாரு. பாப்பா இன்னா சொல்லுச்சு, குஷியா?"

"குஷிதாங்க மச்சான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு என்னை என்ன செய்தாலும் தகும். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. மனைவியிடம் போனால் அவள் வேறு பக்கம் நின்றாள். "எங்கண்ணன் ஆசையா வெச்சது. விசேஷத்துக்கு முன்னாடி பேனர அவுத்தா ஊரு இன்னா நெனைக்கும்?" அவள் சொல்வதும் சரி, மகள் சொல்வதும் சரி, மச்சான் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாராவது ஒருவர் தப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

நகராட்சியில் பெயர் சொல்லாமல் ஒரு புகார் கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். சொந்த மச்சான் மேலே. மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். வந்தாலும் பிரயோஜனமில்லை, மழைக்குத் தாங்குவதற்கென்றே செய்கிறார்கள் அதை. தினமும் மாலை மகள் வாசலில் நின்று "சொன்னியா?" என்று கேட்பாள். சொல்றேன் என்பேன். பிறகு அவள் வயிற்றுவலி என்று பஸ்ஸுக்குப் போகாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அவள் இரண்டாவது நாளாகப் படுத்துக்கொண்ட அன்று, எங்கள் கடையில் பைக் ஹெட்லைட்டின் மேல்பாதியில் ஒட்டுகிற கறுப்பு ஸ்டிக்கர் ஒரு தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மேம்பாலத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்துத் திட்டின்மேல் ஏறி, எட்டி, என் மகளின் முகத்தில் அந்தக் கறுப்பை ஒட்டி நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்தேன். இறங்கி நின்று பார்த்தபோது காரியம் சுத்தமாக முடிந்ததாகத்தான் பட்டது. முகம் இல்லாவிட்டால் யாருடைய படமென்று தெரியாது என்பது என் கணக்கு. ரயிலில் சுண்டல் வாங்கித் தின்றேன்.

ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது மனைவியின் போன் வந்தது.

"எவனோ நம்ம பொண்ணு மூஞ்சில கருப்பு ஒட்டிட்டுப் போயிருக்கான்ங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசேஷத்துப் பேனரில், அத்தனை சிரிக்கிற முகங்களுக்கு நடுவில், ஒரு வயசுப்பெண்ணின் முகம் மட்டும் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தால் ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று நான் ஒரு கணம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சொந்தத்தில் பாதிப் பேர் கூப்பிட்டுவிட்டார்கள். பாப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று சிலர். மச்சானுக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று சிலர். ஒரு பெரியம்மா எதுவுமே கேட்காமல் அழுதார். கடைசியில் மச்சான் கூப்பிட்டார். "நீ கவலப்படாத மாப்ள. எதிர்ல செல்போன் கடையில கேமரா கீது. எவன்னு இன்னிக்கே தெரிஞ்சிடும்." நான் பிரேக் ஒயர் கேட்டு வந்தவருக்குக் கிளட்ச் ஒயரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் இருந்தாள். அன்றைக்கு அவளை அம்மா வற்புறுத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள்.

"நீதானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"இப்ப எல்லாரும் இன்னா கேக்குறாங்க தெரியுமா? நான் செத்துட்டனான்னு கேக்குறாங்க. யார்கூட ஓடிப்போகப் பாத்தன்னு கேக்குறாங்க. அதுக்கு மகாராணியே தேவலாம்பா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஏதோ ஒரு வழிக்கு வந்திருப்போம். "உன்கிட்ட சொல்லியே இருக்கக்கூடாது" என்றாள். உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். கதவுச் சத்தங்கள் எனக்குப் பழகியிருந்தன. இந்த மெதுவான சத்தம் புதிது.

காலையில் ரயிலை விட்டுவிட்டு நேராக மண்டிக்குப் போனேன். மச்சான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"உன் ஹெல்மெட் தெரிஞ்சிது மாப்ள, கேமராவுல" என்றார்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டு வாங்கத் தயாராகவும் இருந்தேன். அவர் கோணியில் ஒட்டிக்கொண்டிருந்த மல்லாட்டைத் தோலைக் கிள்ளிக்கொண்டே, "பாப்பாவுக்குப் புடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"புடிக்கலைங்க மச்சான்."

"அதுதானே கேட்டுச்சு."

"அது அப்போங்க மச்சான்." மகள் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்கென்று வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனசு வாடிப்போன ஒரு பெரிய மனிதரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. என் மகளின் காதுகுத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுததற்குத் தானும் அழுதவர் அவர். "சரி, வுடு, ஜல்தி போ, அடுத்த ரயிலயாவது புடி" என்றார்.

அன்று மாலையே பேனர் அங்கே இல்லை. விசேஷத்தன்று மண்டப வாசலிலும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். மச்சான் ஒவ்வொருவரிடமும், "காத்துல கிழிஞ்சிடுச்சுங்க" என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க ஒரு இலைகூட அசையாத புழுக்கம். என் மகள் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காத்தாப்பா?"

"மாமா அப்படித்தான் சொல்றாரு."

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

பையனுக்குக் காது குத்தி, அவன் மண்டபம் அதிர அழுது முடித்த பிறகு, பந்தி நடக்கிற பக்கம் நின்றிருந்த மச்சானிடம் அவள் போவதைப் பார்த்தேன். அவர் கையில் இலைக்கட்டு இருந்தது. அவள் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். சத்தத்தில் கேட்காமல் அவர் குனிந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கைகள் எழும்பின. ஒரு கை யாரையோ போலக் காட்டியது, இன்னொரு கை டப்பாவைத் திறந்து மூடியது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பந்தியில் யாரோ சாம்பார் என்று கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர்கள் மேல் தெளிக்கவும் மறந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின் பொறுக்க மாட்டாமல் மச்சானிடம் கேட்டேன். "இன்னாங்க சொல்லுச்சு பாப்பா, அவ்ளோ நேரம்? சாரி கேட்டுச்சா?"

"சாரியெல்லாம் இல்ல மாப்ள. ஸ்கூல் கத. யாரோ ஒரு பொண்ணு டிபன்ல மொளகாத்தூள் போட்டு வெச்சதாம், திருடித் தின்ற பையன் தண்ணிக்கு ஓடுனானாம். நல்லா சொல்லுது. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரியும் என்று சொன்னேன்.

வீடு திரும்பும்போது மனைவி தன் அண்ணியோடு பின்தங்கிவிட, மகள் என் வண்டியில் ஏறினாள். மேம்பாலத்தடியில் பேனர் கட்டியிருந்த சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. மாமாகிட்ட இன்னா சொன்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அவளுக்குக் கதைகள் தீர்ந்துபோகவில்லை, யாரிடமாவது சொல்கிறாளே என்று சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. பட்டேனா என்றால் பாதிதான் பட்டேன். மீதிப் பாதியில் என் மச்சான்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மண்டிக்குப் போனபோது, வெளியே அடுக்கியிருந்த மூட்டைகள்மேல் அந்தப் பேனரைப் போர்த்தியிருந்தார்கள். எழுத்தும் படமும் உள்பக்கம் போக, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய. மச்சானே பார்த்துப் போர்த்தியிருக்க வேண்டும்.

மாலை ரயிலில் வந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்ற இப்போதெல்லாம் நான் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்கிறேன்.