விற்றுப் போன வெங்காயத் தோல்

வீதா பெராஹாவின் கால்கள் ஓரிடத்தில் நின்று டான்யூப் ஆற்றங்கரை ரூசே நகரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஜெப ஆலயத்தில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவளும் நிற்பாள்தான்; ஆனால் செருப்புக்குள் விரல்கள் நடந்துகொண்டே இருக்கும். முப்பத்தோரு வருஷம் கம்பளி ஆலையில் பன்னிரண்டு தறிகளுக்கு நடுவே, அறுந்த நூலைத் தேடி மேலும் கீழும் நடந்தவள். ஆலையை மூடினார்கள், தறிகள் நின்றன. கால்களுக்கு யார் போய்ச் சொல்வது?

"உக்காரேன் வீதா, தரை எங்கயும் ஓடிப்போயிடாது" என்பான் கணவன் இஸிதோர். அவனும் ஒரு பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். மகள் டெல் அவீவில். வீட்டில் நடக்க இரண்டே அறை. அப்படித்தான் அவள் எங்கள் யூத மன்றத்துக்கு வந்தாள். வந்தவள் பிறகு வெளியே போகவில்லை.

மன்றத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பண்டிகை வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு அது போதும். ஹனுக்காவுக்குத் தேனில் தோய்த்த பணியாரம். பிப்ரவரியில் பழப் பண்டிகைக்குப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிட ஆளுக்கொரு பழப் பை தைக்க வேண்டும். பூரிம் நாடகத்துக்கு முகமூடி ஒட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் கூடாரப் பண்டிகை வந்தால் முற்றத்தில் கம்பு நட்டு, மேலே இலைதழை பரப்பி, வானம் தெரியும்படி குடில் கட்ட வேண்டும். பாட்டுக் கச்சேரி, படம் வரையும் வகுப்பு எல்லாம் நடக்கும். அவளுக்குப் பாட வராது. ஜெபப் புத்தகம் வாசிக்கவும் தெரியாது; மற்றவர்கள் எப்போது ஆமென் சொல்கிறார்கள் என்று உதட்டைப் பார்த்துச் சொல்லுவாள். அவளுடைய ஜெபமெல்லாம் கையிலும் காலிலும்தான். அதைக் குறைவாகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பஸ்கா முட்டை. எகிப்தில் அடிமைகளாயிருந்த முன்னோர் விடுதலையானதை நினைக்கும் பஸ்கா விருந்தன்று தொண்ணூறு பேர் மன்றத்துக் கூடத்தில் உட்காருவார்கள். ஆளுக்கொரு முட்டை, சிலருக்கு இரண்டு. அது வெள்ளை முட்டை இல்லை. வெங்காயத் தோலையும் முட்டையையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, காப்பி வண்டலும் மிளகும் போட்டு, இளந்தீயில் பன்னிரண்டு மணி நேரம் கிடந்து, உள்ளே வெள்ளைக்கருவரைக்கும் பழுப்பேறிய முட்டை. ஸ்பெயினை விட்டு நம் ஆட்கள் துரத்தப்பட்டபோது எதை எடுத்து வந்தார்களோ இல்லையோ, இந்த முட்டையை விடாமல் எடுத்து வந்தார்கள்.

நூற்று முப்பது முட்டைக்குத் தோல் எங்கிருந்து வரும்? ஒரு பஸ்கா முடிந்த மறுநாளே வீதா அடுத்த பஸ்காவுக்குச் சேர்க்க ஆரம்பித்துவிடுவாள். சந்தையில் வெங்காயக்காரிகளுக்கு அவளைத் தெரியும். "தோல்காரி வர்றா, கூடைய உதறுங்கடி" என்பார்கள். சேர்த்ததை ஒரு பழைய வெள்ளை மாவுச் சாக்கில் போட்டு, மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கவிடுவாள். சாக்கை மூன்று தடவை கொதிக்க வைத்துத் துவைத்தாள். ஆனாலும் மாவு மில்லுக்காரன் அச்சடித்த காற்றாலைப் படம் மட்டும் போகவில்லை. அந்தப் படம்தான் அவளை மாட்டிவிட்டது.

அந்த வருஷம் தை மாதத்திலிருந்து மன்றத்துக்குப் புதுச் செயலாளர். நிசிம் என்று பெயர், நாற்பத்திரண்டு வயது. தலைநகரில் யூத குருவான ரபியிடம் இரண்டு வருஷம் படித்துவிட்டு ஒரு தாடியோடும் ஒரு பட்டியலோடும் திரும்பி வந்தவன். நல்ல பிள்ளை, பொய் சொல்ல மாட்டான். ஆனால் எதையும் எழுதி வைத்து, எழுதினபடி செய்கிறவன். அவன்தான் நிர்வாகக் குழுவில் பேச்சை எடுத்தான்: பண்டிகைச் சமையலை ஓட்டல்காரரிடம் கொடுத்துவிட்டால் என்ன? வீதாவிடமும் நேராகவே சொன்னான்.

"இந்த பஸ்கா உங்க கையில வீதாக்கா. சரியா நடந்தா நல்லது. இல்லன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து ஓட்டல்தான். எல்லா பண்டிகைக்கும்."

"ஓட்டல்காரன் முட்டைக்கு என்ன போடுவான்?"

"அவங்க வேக வச்சுக் குடுத்துருவாங்க. வெள்ளையா."

"வெள்ளையா!" என்றாள் வீதா. அன்றைக்கு டான்யூப் கரையோரம் பாலம் வரை போய்த் திரும்பி வந்தாள், இரண்டு தடவை.

பஸ்காவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நிசிம் மெழுகுவர்த்தியும் துணுக்குகளைக் கூட்ட ஓர் இறகுமாக மன்றத்தை மூலைமூலையாகத் தேடினான். பண்டிகையின் எட்டு நாளும் புளிப்பேறக்கூடிய மாவுச் சரக்கு எதுவும் நம் கையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். இத்தனை வருஷம் எங்கள் ஊரில் அதைப் பார்த்தும் பாராமலும் விட்டுவிடுவோம். நிசிம் விடுவானா? மாவு, மக்ரோனி, பிஸ்கெட், பாதி பாட்டில் வோட்கா, எல்லாவற்றையும் முற்றத்து மூலையிலிருந்த சேமிப்பறையில் அடுக்கினான். சட்டப்படி பத்திரம் எழுதி, அறையோடு சேர்த்து யூதரல்லாத ஒருவருக்கு விற்றான். வாங்கியவர் பக்கத்து வீட்டு ஸ்பாஸ். சாவியும் கைமாறியது.

மறுநாள் விடியற்காலம் ஐந்து மணிக்கு வீதா வந்தாள். தட்டுத்தட்டாக முட்டை இருந்தது. இரண்டு பெரிய அண்டா இருந்தது. படிக்குக் கீழே ஆணி இருந்தது. சாக்கு இல்லை.

சமையலறை, குளியலறை, மேடைக்குப் பின்னால், பூரிம் முகமூடிப் பெட்டி, பியானோவுக்குள்கூடப் பார்த்தாள். ஏழு மணிக்கு நிசிம் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் ஏணியில் நின்று பரணைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என் சாக்கு எங்க?"

"எந்தச் சாக்கு?"

"காத்தாலைப் படம் போட்டது."

நிசிம் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தான். விரலை வைத்து இறங்கினான். "மாவு மூட்டை, ஒண்ணு. ஸ்பாஸுக்கு வித்தாச்சு."

"அது மாவு இல்ல!"

"படம் போட்டிருந்துச்சே."

"திறந்து பாக்கத் தெரியாதா? உங்கம்மா உன்ன நல்லாத்தானே வளத்தா!"

"மாவுன்னு நெனச்சேன்க்கா. திறந்தா கொட்டும், கொட்டினா மறுபடி கூட்டணும்." அவன் முகம் வெளுத்துவிட்டது. "வெங்காயத் தோலுக்குச் சட்டத்துல தடை கிடையாது. ஆனா இப்போ அது அவர் பொருள். நான் போய் எடுத்தா அது திருட்டு. அவரா குடுத்தா வாங்கிக்கலாம்."

"அப்ப போய்க் கேளு!"

போனான். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான். "வீதாவ வரச் சொல்லு, அவ வந்து கேக்கட்டும்னுட்டார்."

ஏன் என்று வீதாவுக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் குடிலுக்குத் தழை போதவில்லை. ஸ்பாஸின் வால்நட் மரத்துக் கிளை ஒன்று மதில்மேல் ஏறி மன்றத்து முற்றத்தில் தொங்கியது. வீதா கேட்கவில்லை, ரம்பத்தை எடுத்தாள், வெட்டினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எதிரே வந்தால் ஸ்பாஸ் வானத்தைப் பார்ப்பார், வீதா செருப்பைப் பார்ப்பாள்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆலையில் ஒருமுறை மேஸ்திரியை ஏதோ சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று எல்லோரும் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. மூன்று மாதம் தண்டனையாகக் கம்பளி அலசும் தொட்டியில் நின்றாள். கை தோலுரிந்தது, வாய் திறக்கவில்லை.

ஆகவே ஸ்பாஸிடம் போகாமல் சந்தைக்கு ஓடினாள். சித்திரை மாதத்தில் சந்தையெல்லாம் பச்சை வெங்காயம். கட்டுக்கட்டாக, நீளத் தாளோடு, தோலே இல்லாமல். பழைய வெங்காயம் ஒரே ஒருத்தியிடம் இருந்தது, அதுவும் முளை விட்டது. "உன் தோலெல்லாம் போன வாரமே குடுத்துட்டேனே வீதா. இப்ப என்னை உரிச்சாத்தான் உண்டு" என்றாள் அவள். இரண்டு கைப்பிடி தேறியது. பத்து முட்டைக்குக் காணாது.

திரும்பி வந்தபோது மணி பத்தேகால். அண்டாக்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நிசிம் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தான். "ஓட்டல்ல இப்ப சொன்னாக்கூட..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான். அவள் முற்றத்தில் இறங்கினாள்.

ஸ்பாஸ் சேமிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது. டான்யூபில் இழுவைக் கப்பல் எந்திரங்களைப் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே கோட்டோடு, தன் சொத்துக்குக் காவல் இருந்தார். முகத்துக்கு முன்னால் பேப்பர்.

"ஸ்பாஸண்ணே."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வீதா."

"எந்த வீதா? ரம்பம் வச்சிருக்காளே, அவளா?"

வீதா நாற்காலியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். "கிளை எங்க முற்றத்துக்குள்ளதானே தொங்குச்சு."

"கிளை தொங்குனா? மரம் யாருது? உன் முடி என் வீட்டு ஜன்னல்ல பறந்தா நான் வெட்டிரலாமா?"

"அது கிடக்கட்டும். அந்த மூட்டையில என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"திறந்து பாத்துட்டேன். மாவுன்னு பத்திரத்துல எழுதி, குப்பைய என் தலைல கட்டிட்டான் உங்க ஆளு."

"குப்பை இல்லண்ணே. ஒரு வருஷம் நான் நடந்த நடை அது."

ஸ்பாஸ் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார். "எனக்கும் அது வேணும். வியாழக்கிழமை எங்க ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடணும். கடைச் சாயம் கையெல்லாம் பிசுபிசுங்குது."

"எத்தனை முட்டை போடுவீங்க?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு முட்டைக்கு ஒரு மூட்டைத் தோலா! கோழிகூட வெக்கப்படும்."

"என் மூட்டை, என் முட்டை." பேப்பரை மடித்து மடிமேல் வைத்தார். "வீதா, ஒரே ஒரு வார்த்தை. வெட்டுனது தப்புன்னு சொல்லு. மூட்டைய நானே தூக்கிட்டு வந்து உன் அடுப்படில வைக்கிறேன்."

அந்த வார்த்தை அவள் வாய்வரை வந்தது. வந்து, பல்லில் முட்டி, திரும்பிப் போனது. அவள் வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாம் தடவை மதிலடியில் நின்று, வெட்டுப்பட்ட இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். வட்டமாக, கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் சின்னதாய்த் தளிர் விட்டிருந்தது. ஜன்னலில் நிசிம் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். செருப்புக்குள் விரல்கூட அசையவில்லை.

"வர்ற கூடாரப் பண்டிகைக்கு, கேட்டுட்டுத்தான் வெட்டுவேன்."

"நான் கேட்டது அது இல்லையே."

"எங்கிட்ட இருக்கிறது அதான்."

ஸ்பாஸ் தாடையைச் சொறிந்தார். "கேட்டு, நான் முடியாதுன்னா?"

"வெட்ட மாட்டேன்."

"குடில் மொட்டையா நிக்குமே?"

"நிக்கட்டும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சாவியை எடுத்துத் திறந்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முனகியபடி சமையலறைவரை வந்து இறக்கினார். போகும்போது ஒரு வாணலி நிறையத் தோலை அள்ளிக்கொண்டார். "இது என் பன்னெண்டுக்கு" என்றார். வீதா தடுக்கவில்லை.

அண்டா ஏறியபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டு மணி நேரம் வேக வேண்டியது; கிடைத்தது எட்டு. அந்த எட்டு மணி நேரமும் அவள் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காப்பி வண்டலைக் கூடுதலாக அள்ளிப் போட்டாள். பார்த்தால் நிறம் ஏறாது என்று தெரியும், பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இரவு விருந்தில் புளிக்காத அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கூடத்தைச் சுற்றி வந்தார். "எங்கேர்ந்து வர்றீங்க?" என்று எல்லோரும் கேட்க, "எகிப்துலேர்ந்து" என்றார். பிறகு முட்டைகளை உடைத்தார்கள். வீதா சமையலறைக் கதவருகே கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"வீதா, இந்த வருஷம் கொஞ்சம் வெளுப்பு?" என்றாள் முன்வரிசையிலிருந்த சாரினா. எண்பது வயது, நாக்கு மட்டும் இருபது. உள்ளே முட்டை டீ நிறம்தான், பழுப்பு இல்லை.

வீதா வாயைத் திறக்குமுன் நிசிம் எழுந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "தப்பு அக்காமேல இல்ல. என்மேல. மாவுன்னு நெனச்சு நான் தோல் மூட்டைய ஸ்பாஸுக்கு வித்துட்டேன்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பிறகு சாரினா, "மோசே செங்கடலக் கடந்தாரு, எங்க நிசிமால ஒரு சாக்கைக் கடக்க முடியலையே!" என்றாள். கூடம் முழுக்க அதிர்ந்தது. பலர் இரண்டாவது முட்டைக்குக் கை நீட்டினார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வீதா சிரித்தாளா என்றால், இல்லை. அவள் அண்டாவைச் சுரண்டப் போய்விட்டாள். அடுத்த காலாண்டுக்கு நிசிம் அச்சடித்த நிகழ்ச்சிப் பட்டியலில் "சமையல்: வீதா பெராஹா" என்று இருந்தது. ஓட்டலைப் பற்றி யாரும் பேசவில்லை.

இலையுதிர் காலம் வந்தது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் வீதா மதிலருகே போய்க் கேட்டாள். ஸ்பாஸ், "இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி. முடியாது" என்றார். சொல்லிவிட்டு, ரம்பம் எடுக்கிறாளா என்று இரண்டு நாள் ஜன்னலிலிருந்து பார்த்தார். எடுக்கவில்லை. அவள் பேருந்து ஏறி ஊருக்கு வெளியே டான்யூப் கரைக்குப் போய் நாணல் வெட்டிக் கட்டிச் சுமந்து வந்தாள், மூன்று நடை. கூரை கொஞ்சம் கோணலாக இருந்தது, ஆனால் வானம் தெரிந்தது.

அந்த வாரத்திலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு காகிதப் பை விழ ஆரம்பித்தது, வாரத்துக்கொன்று. உள்ளே ஸ்பாஸ் தின்ற வெங்காயத்தின் தோல். குரல் எதுவும் வராது. வீதா பையை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பாள். "இந்த வாரம் ஒழுங்கா சமைச்சுச் சாப்பிடல போலிருக்கு மனுஷன்" என்று மதிலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, சாக்கில் கொட்டிக்கொண்டு நடப்பாள். இப்போது அது வேறு சாக்கு, சர்க்கரைச் சாக்கு. அதன்மேல் நிசிம் கறுப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்: தோல்.