கொளஞ்சியப்பருக்கு நான் கட்டிய இரண்டாவது பிராது

சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது.

தனியார் விமானங்கள் வந்த புதிது. எங்களுடையது பானை செய்யும் குடும்பம். அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். விமானப் பணிப்பெண் வேலைதான் எனக்கு உயிர்.

மூத்த பணிப்பெண் ஷீலா மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. பயணிகள் காதுபடவே, "விருத்தாசலத்துச் சட்டிப்பானை, கையக் கழுவுனியா?" என்பார். நான் சிரித்துக்கொண்டே டீ ஊற்றுவேன். சிரிப்பும் எங்கள் சீருடைதான்.

ஓர் ஆடி மாதம், பம்பாய் விமானத்தில், மேடம் தள்ளுவண்டிக்கு பிரேக் போடாமல் திரும்பி நின்று என்னை ஏசிக்கொண்டிருந்தார். விமானம் குலுங்கியது. வண்டி ஓடி ஒரு பயணியின் முழங்காலை உடைத்தது. பிரேக் போடாதவள் நான் என்று சொல்லிவிட்டார். கூட இருந்த பெண்கள் வாய் திறக்கவில்லை.

ஊருக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை, "இன்னாடி, ஆகாசம் அதுக்குள்ள சலிச்சுப் போச்சா?" என்று சிரித்தாள். உயிரோடு இருப்பதே வெட்கமாக இருந்தது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிக் கட்டினால் சாமியே விசாரிப்பார். அதுதான் பிராது. நிறைவேறியதும் வாபஸ் வாங்க வேண்டும்.

"அவ கை கால் வெளங்காம போவணும்னு எழுதும்மா" என்றார் அப்பா. நான் எழுதவில்லை. உண்மை தெரியட்டும், என் வேலை வேண்டும் என்று மட்டும் எழுதிக் கட்டினேன்.

அந்த வாரமே வாசலில் ஆட்டோ நின்றது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு இறங்கியவர் அந்தப் பயணி, பக்கத்து மங்கலம்பேட்டை காதர் பாய்.

"விசாரிக்க வந்தவங்க ஒம்மேல பழி போட்டாங்க. பிரேக் போடாதது அந்தம்மாதான்னு கண்ணால பாத்தவன் நான், மனசு கேக்கல. அந்தம்மா ஏசுனதுல ஊரும் சட்டிப்பானையும் ஞாபகம் இருந்துச்சு. பானை செய்யிறவங்க வூட்டுல ப்ளேன்ல போற பொண்ணுன்னு கேட்டேன், டீக்கடையிலயே வழி சொல்லிட்டாங்க."

என்னைக் கூசவைத்த சொல்லையே முகவரியாக்கி சாமி சாட்சியை அனுப்பிவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

பாய் மெட்ராஸுக்கு வந்து அதிகாரிகளிடம் சொன்னார். வேலை திரும்பக் கிடைத்தது. ஷீலா மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். யாராவது ஏசினால் நான் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை.

பாய்க்கு முழங்கால் மடங்கவில்லை. பம்பாய் வழியாக அவர் போகவிருந்த துபாய் வேலையும் போனது. "ஒனக்காவது கெடச்சுதே தங்கச்சி" என்றார்.

என் பிராதை வாபஸ் வாங்கிய அன்றே அவர் காலுக்காக இன்னொன்று கட்டினேன். நம்பிக் கட்டுங்கள், கொளஞ்சியப்பர் கேட்பார். நீங்கள் போகும்போது பாய்க்காகவும் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிராதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.