எங்கள் கடையில் விற்காத பொருள்

எங்கள் பஜாரில் ஒவ்வொரு கடைக்கும் விற்காத பொருள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எதிர் வரிசையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் மேல்சித்தாமூரைச் சேர்ந்த சமணர். அவர் கடையில் எலி மருந்து கிடைக்காது. கேட்டு வருகிறவர்களிடம், "நாங்க அது வெக்கிறதில்ல, மூணாவது கடையில கேளுங்க" என்பார். எங்கள் துணிக் கடையில் பெண்களுக்கான உள்ளாடை கிடைக்காது. நைட்டி உண்டு, பாவாடை உண்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் உண்டு. அது மட்டும் இல்லை. என் மாமனார் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

"ஆம்பள உக்காந்திருக்கிற கடையில ஒரு பொண்ணு வந்து அளவு சொல்லிக் கேக்கணும்னா எவ்ளோ கூச்சமா இருக்கும்? நாம சம்பாதிக்கறதுக்கு அதுங்கள ஏன் கூச வெக்கணும்?" என்பார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மத்தியானத்துக்கு மேல் நானும் கடையில் இருப்பேன். யாராவது ஒரு பெண் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தயங்கி நின்றால், நானே புரிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஃபேன்சி ஸ்டோருக்கு வழி சொல்லிவிடுவேன். அங்கே விற்பவர்கள் பெண்கள்.

ஐம்பதைத் தாண்டியபோது எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து அந்தப் பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகான சிகிச்சையும் முடிந்து, கொட்டிப்போன முடி திரும்ப வளர்ந்து, டாக்டர் இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும்தான். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று புடவை கட்டும்போது மட்டும் கை நின்றுவிடும். ரவிக்கை ஒரு பக்கம் துவண்டு கிடக்கும். முந்தானை நழுவிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வதால் தோளும் வலிக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டேன். "சிலிக்கான்ல செஞ்சது விக்குதும்மா. அதை வெச்சுக்கறதுக்குப் பாக்கெட் தெச்ச ப்ராவும் இருக்குது. ஆன்லைன்ல பாருங்க" என்றார். என்ன பெயர் போட்டுத் தேட வேண்டும் என்பதையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

பொருள் வாங்கும் ஆப் ஒன்று என் போனிலும் இருந்தது. கணக்கு கடைக்கானது. என் வீட்டுக்காரர் ஹேங்கர், கவர், பில் ரோல் எல்லாம் அதில்தான் வாங்குவார். சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு நர்ஸ் சொன்ன பெயரைத் தேடினேன். 'இந்தத் தேடலுக்குப் பொருள் எதுவும் இல்லை' என்று வந்தது. தமிழில் அடித்தேன், இல்லை. வேறு வேறு விதமாக ஆங்கிலத்தில் அடித்தேன், இல்லை. நர்ஸ் சொன்னது பெரிய ஊர்க்காரர்களுக்கான சமாச்சாரம் போலிருக்கிறது, நம் பக்கமெல்லாம் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிறகு நானே ஒரு வழி செய்துகொண்டேன். முதலில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குக் கனம் கிடையாது, மேலே ஏறிக்கொண்டு கழுத்துக்கு வந்துவிடும். கடையில் மிஞ்சிய நைட்டித் துணியில் சின்னதாக ஒரு பை தைத்து அதில் கேழ்வரகை நிரப்பினேன். கனம் ஓரளவு சரியாக வந்தது. தைமாதக் குளிரில் ஒன்றும் தெரியவில்லை. சித்திரை வந்து ஊரைச் சுற்றியிருக்கும் மலைப் பாறைகள் சூடேறியதும் தெரிந்தது. வேர்வையில் கேழ்வரகு ஊறி நாறும். வீட்டுக்கு வந்ததும் பிரித்துக் கொட்டிவிட்டு வேறு நிரப்புவேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் கடையில் நிற்க இடமிருக்காது. வல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மா தன் மகளுக்கு யூனிஃபார்ம் கேட்டார். மேல் அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். ரவிக்கைக்குள் இருந்த பையின் தையல் விட்டுப்போனது. வயிற்றில் என்னமோ ஊர்வது போலிருந்தது. அப்புறம் காலைச் சுற்றிச் சரசரவென்று தரையில் கொட்டியது.

"இன்னாக்கா, கேவுரு கொட்டுது?" என்றார் அந்த அம்மா.

கல்லாவில் இருந்த மாமனார் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைக்கு இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "எலி மூட்டையக் கடிச்சிருக்கும். பெருக்கி வுடும்மா" என்றார். பிறகு தெருவைப் பார்த்தபடியே என்னிடம், "நீ வூட்டுக்குப் போம்மா. கூட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றார். துணிக் கடையில் கேழ்வரகு மூட்டை எப்படி வந்தது என்று அந்த அம்மா கேட்கவில்லை. அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த தடவை பாண்டிச்சேரிக்குப் போனபோது, டாக்டருக்காகக் காத்திருந்த இடத்தில் என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்துக்காரர். அவருக்கும் அதே ஆபரேஷன்தான், என்னைவிட முன்னாலேயே ஆனது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"ஆமா, வாங்கினேன். ஆன்லைன்லதான்" என்றார்.

"நான் தேடினேங்க்கா. இல்லன்னு வருது."

அவர் தன் போனை எடுத்து, அதே ஆப்பில் அதே பெயரை அடித்துக் காட்டினார். பக்கம் நிறையப் பொருள்கள் இருந்தன. சின்னது, பெரியது, மாநிறத்தில், வெளுப்பாக, துணியில் செய்தது, சிலிக்கானில் செய்தது.

"இல்லன்னா வருது உனுக்கு? உன் போன்ல யாரோ லாக் போட்டு வெச்சிருக்காங்க. வயசுப் பொண்ணு இருக்கிற வூடா?"

"இருக்குது. இப்போ சென்னையில படிக்குது."

"அதான். கண்டதும் வரக்கூடாதுன்னு போட்டிருப்பாங்க. அதுல இதுவும் சேர்ந்து மறைஞ்சு போச்சு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மளிகைக் கடைக்காரரும் மாமனாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும்தான் சில பொருள்களை விற்பதில்லை. ஆனால் நாங்கள் விற்பதில்லை என்று சொல்வார்கள், எங்கே கிடைக்கும் என்றும் சொல்வார்கள். யாரும் வெறுங்கையோடு குழம்பிப் போனதில்லை. இந்தப் போனோ, அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறது. நானும் நம்பி, கேழ்வரகோடு ஒரு கோடையைக் கடத்தியிருக்கிறேன். கோபம் வந்தது. அதைவிட, பொருள் இருக்கிறது என்ற ஆறுதல் பெரிதாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, நம்ம கணக்குல ஏதாச்சும் லாக் போட்டிருக்கீங்களா?"

அவருக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரமானது. "ஆமா, பாப்பா ஸ்கூல் படிக்கும்போது போட்டது. பேகு பாக்கறேன்னு தேடிச்சு. கண்றாவியா என்னமோ நடுவுல வந்துச்சு. கொழந்த மொகம் போன போக்கப் பாத்து, மொபைல் கடையில சொல்லிப் போட்டுட்டேன். இன்னாத்துக்குக் கேக்கற?"

சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ இத்தினி நாளா இன்னா பண்ண?"

"கேவுரு பை தெச்சு வெச்சுக்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"இன்னான்னு கேக்கறது?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து லாக்கை எடுத்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். திண்டிவனத்து அக்கா காட்டியதெல்லாம் வந்தது. நடுநடுவே அவர் பயந்ததும் வந்தது. சொல்ல நாக்கூசும் படங்கள், சொல்ல நாக்கூசும் பொருள்கள். நோயாளிக்கான பொருளைத் தேடுகிறவள் இதையெல்லாம் தள்ளித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"இதுக்குத்தான் போட்டேன்" என்றார் அவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"போட்டது தப்புன்னு நான் சொல்லலீங்க. இதையும் சேத்து மூடிட்டாங்களேன்னுதான் சொல்றேன்."

ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். படத்தை மங்கலாக்கி வைத்திருந்தார்கள். அதைத் தொட்டதும், 'உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா?' என்று கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆர்டர் போட்டோம். இரண்டு நாளில் அது ரத்தாகிவிட்டது. பொருள் விதிமுறைக்கு ஒத்துவரவில்லையாம், பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். வேறு ஒன்றைப் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். ஆனால் என் அளவிலும் கனத்திலும் அது ஒன்றுதான் இருந்தது. மற்றவை எல்லாம் ஒன்று மிகச் சின்னது, இல்லையென்றால் மிகப் பெரியது. கடைக்காரி நான், அளவு தெரிந்தும் பொருந்தாததை வைத்துச் சரிக்கட்டிக்கொள்ள எனக்கு மனசு வராது.

கஸ்டமர் கேருக்கு நானே பேசினேன். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல். பேசியது ஒரு சின்னப் பெண், தமிழ்தான். அந்தப் பொருள் அடல்ட் வகையில் வருவதாகவும், படத்தைப் பார்த்து சிஸ்டமே தூக்கிவிட்டதாகவும் சொன்னது.

"எனக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு மார்பு எடுத்துட்டாங்கம்மா" என்றேன். "அந்த எடத்துல வெச்சுக்கற பொருள் அது. செயற்கைக் கால் விக்கறீங்களா நீங்க?"

"விக்கறோம் மேடம்."

"அது எந்த வகையில வருது?"

"மெடிக்கல்ல மேடம்."

"இதுவும் அதேதான். மத்த கண்றாவிய நீங்க எங்க வேணா வையுங்க, இல்ல எடுத்துப் போடுங்க. எனக்கு வருத்தமில்ல. இத மட்டும் அதோட சேக்காதீங்க."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "எங்க அத்தைக்கும் எடுத்திருக்காங்க மேடம். நான் எழுதி மேல அனுப்பறேன்" என்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கல்லாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பதையே மறந்துவிட்டுப் பேசியிருக்கிறேன். மார்பு என்ற வார்த்தையை அந்தக் கடைக்குள் அவர் காதுபட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் எழுதியதாலா, விற்பவரே முறையிட்டதாலா என்று எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து அந்தப் பொருள் திரும்ப வந்திருந்தது. இந்தத் தடவை மெடிக்கல் பகுதியில், முழங்கால் பட்டைக்கும் வாக்கருக்கும் பக்கத்தில். படத்தை மறைக்கவுமில்லை, வயதைக் கேட்கவுமில்லை. உடனே ஆர்டர் போட்டோம். வீட்டுக்காரர் எனக்கென்று தனிக் கணக்கு ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு, கடைக் கணக்கில் பழையபடி லாக்கைப் போட்டுவிட்டார். வேலைக்கு இருக்கும் பெண்ணும் அந்தப் போனைத் தொடும் என்பதால் நான் தடுக்கவில்லை.

பார்சல் கடைக்கு வந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். மாமனார் போன் செய்தார். "உனுக்கு ஒண்ணு வந்திருக்குதும்மா. பிரிக்கல. வந்து எடுத்துக்கோ." போனபோது அதைக் கடைப் பையில் போட்டு, வாயை மடித்து, கல்லாவுக்கு அடியில் தனியாக வைத்திருந்தார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். முதலில் சில்லென்றிருந்தது, சற்று நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது. ரவிக்கை இரண்டு பக்கமும் நிறைந்து நின்றது. முந்தானையைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தேன், நழுவவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது, எழுந்து முகம் கழுவும்போது பசித்தது.

சாயங்காலம் கடைக்குப் போனேன். மாமனார் எப்போதும் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யூனிஃபார்ம்களை அடுக்க ஆரம்பித்ததும், திரும்பாமலே கேட்டார்.

"அளவு சரியா இருக்குதாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சரியா இருக்குது மாமா."

"டப்பா மேல ரிட்டர்ன் கெடையாதுன்னு போட்டிருக்கான். அளவு மாறிப் போச்சுன்னா இன்னா பண்றதுன்னு காலையிலருந்து எனுக்கு ஒரே டென்ஷன்" என்றார். பிறகு பக்கத்துக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு டீ சொன்னார்.