அந்த அக்கா இன்னும் முடிக்கவில்லை

சென்னையில் ஒரு எடிட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களைப் பற்றிய ஒரு டி.வி. படம்தான். "பேச்சுல கேப் ஜாஸ்தியா இருக்கு, எடுத்துடும்மா" என்றார் எடிட்டர்.

தையல் பிரிவில் இருந்த ஒரு அக்கா, "எம் பொண்ணையும் இங்கயே சேத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் முடிந்துவிட்டது என்று அங்கேயே வெட்டினேன்.

மறுநாள் படத்தின் இன்னொரு காட்சிக்கு வெறும் மெஷின் சத்தம் தேவைப்பட்டது. வெட்டாத பதிவை ஹெட்போனில் ஓடவிட்டேன். வெகுநேர மௌனத்துக்குப் பிறகு அந்த அக்கா பேசினார்: "...ன்னு மட்டும் நெனச்சிடாதீங்க."

நான் வெட்டியது பாதி வாக்கியத்தில். கடைசிச் சொல் வந்து மொத்தத்தையும் புரட்டிப்போடுகிற பாஷை நம்முடையது. அதைப் பேசி வளர்ந்தவள்தான் நான். எடிட்டரிடம் சொல்லி, அந்த மௌனத்தையும் சேர்த்தே திரும்ப வைத்தேன்.

என் அம்மாவும் அப்படியொரு கம்பெனியில்தான் தைக்கிறாள். அன்று போனில், "எப்டிம்மா கீற?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறேன்."

வழக்கமாக அத்தோடு கட் செய்துவிடுவேன். அன்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"கைதான் மரத்து மரத்துப் போவுது" என்றாள் அம்மா.