அப்பா நீட்டிய பாதி மாத்திரை

அப்பாவின் வழுக்கையில் முடி முளைத்ததை முதலில் பார்த்தது நான்தான். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தலை துவட்டிக்கொண்டு நின்றார். வெயில் பட்டு உச்சந்தலையில் ஏதோ மினுங்கியது. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். முடியேதான், கறுப்பும் நரையுமாக.

போர்வெல் லாரியில் ஊர் ஊராக அலைந்து ஓய்ந்தவர் அப்பா. சிறுநீர் அடக்க முடியாமல் சிரமப்பட்டவரைச் சேலத்துக்கு அழைத்துப் போனபோது, புராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கிறது என்று மருத்துவர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

பள்ளியில் உயிரியல் நடத்துகிற எனக்கு விஷயம் பிடிபட்டதும் கால் தரையில் நிற்கவில்லை. அங்கேயே அவருக்குப் பாடம் எடுத்தேன். உடம்பில் ஊறும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை, ஒரு நொதி இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அது தாடியை அடர்த்தியாக்கும். வழுக்கை வாகு உள்ளவர்களுக்குத் தலைமுடியின் வேரைச் சுருக்கும். வயதான காலத்தில் புராஸ்டேட்டைப் பெருக்கவும் செய்யும். இந்த மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது.

அப்பா பாதியிலேயே கண்ணாடி பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது, கத்தியால் இரண்டாக வெட்டிய மாத்திரை அவர் உள்ளங்கையில் இருந்தது.

"உனக்கும் முடி கொட்டுதுன்னு சொன்னயே சாமி. இந்தா, பாதிய நீ போட்டுக்கோ."

நான் சட்டென்று பின்வாங்கினேன். கர்ப்பமாக இருப்பவள் அந்த மாத்திரையை உடைந்த நிலையில் தொடவே கூடாது. கருவிலிருப்பது ஆண் குழந்தையானால், அதன் பிறப்புறுப்பு ஆணுக்குரிய உருவம் எடுப்பது இதே ஹார்மோனால்தான். மருந்து தாயின் தோல் வழியே உள்ளே போனால் அந்த வேலை கெட்டுவிடலாம்.

அன்று காலைதான் சோதனைப் பட்டையில் இரட்டைக் கோடு பார்த்திருந்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்த கணவரிடம்தான் முதலில் சொல்வது என்று அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. பெண்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். பாதி என்ன செய்துவிடப் போகிறது என்று அவர் கையை இன்னும் நீட்டினார்.

"வேண்டாங்கப்பா. நான் உண்டாயிருக்கறனுங்க."

அப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மாத்திரையைத் தாளில் சுற்றி அப்புறப்படுத்தினார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கத்தியையும் கழுவினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டார். இனிமேல்தான் என்றேன். உடனே அவரே எண்ணைப் போட்டு என் கையில் போனைக் கொடுத்தார்.

ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சலில் கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பக்கம் இரைச்சல் திடீரென்று அடங்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன்.