டோர்ச் வெளிச்சத்தில் ஒரு முகம்

2009இல் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஓய்வே கிடையாது. கடைசிச் சண்டை நடந்த வன்னியிலிருந்து வந்த படங்களைத் தமிழ்ச் சனல் திரும்பத் திரும்பக் காட்டியது. மனைவியின் தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். மாதக்கணக்காகத் தகவல் இல்லை. முகாமுக்குப் போகிற சனத்துக்குள் அவன் முகத்தைத் தேடியபடி அவள் திரைக்கு முன்னாலேயே கிடந்தாள். நான் பெட்ரோல் நிலைய ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றவும் அலுப்புப்பட்டுப் பக்கத்தில் விழுவேன்.

ஒருநாள் திரை இருண்டுவிட்டது. குரல் மட்டும் வந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் விடவில்லை. டோர்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் அந்த வட்டத்துக்குள் படம் மங்கலாகத் தெரிந்தது. அப்படியே தடவித் தடவித் தேடினாள்.

“இஞ்ச வாங்கோ. இது தம்பியெல்லே?”

தோளில் மூட்டையோடு ஒரு பெடியன் போனான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அவன்போலதான் கிடக்கு,” என்றேன். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

முகத்தை வடிவாகப் பார்க்கவேண்டுமென்று அவள்தான் தொலைக்காட்சி திருத்துகிறவரைக் கூப்பிடச் சொன்னாள். வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்தார், முன்பு ஜெர்மனியில் இருந்தவர். சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, தொலைக்காட்சியைக் கவிழ்த்துக் கழற்றினார். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற மெல்லிய குழாய்கள் நுனி கருகியிருந்தன.

“எல்லா வீட்டிலையும் இதுதான் அண்ணை. இப்ப ஒருத்தரும் ரிவியை நிப்பாட்டுறேல்லை.”

புதுக் குழாய்களைப் போட்டு, திரையின் மெல்லிய தாள்களைத் தூசு படாமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்த மனுசனின் பொறுமை எனக்கு எரிச்சலைத் தந்தது. மனைவி தேத்தண்ணியை மறந்து பக்கத்திலேயே நின்றாள்.

திரை பளிச்சென்று வந்தது. “கொஞ்ச நேரம் ஓடட்டும், பாப்பம்,” என்றார். அதே படம் திரும்ப வந்தது. அதே பெடியன், அதே மூட்டை. இப்போது மூக்கும் முழியும் துலக்கமாகத் தெரிந்தன. வேறு யாரோ வீட்டுப் பிள்ளை.

“தம்பி இல்லை,” என்றாள். அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். ஏன்தான் இதைத் திருத்தினோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: “அண்ணை, கலர் சரியோ?”

“ஓம்,” என்றேன்.